கடலை ஆகாத பிள்ளைக்கும் நம் பந்தியில் இடம் உண்டு

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, விதவைகள் உதவி, மருத்துவ உதவி என்று பேசுவோம். இன்று அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவ உதவி விஷயமாக எங்களைப் பார்க்க வரும் தாய்மார்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்வதில்லை. அலர்ஜி என்கிறோமே, அந்த ஒவ்வாமை. அவர்கள் பணம் கேட்டு வருவதில்லை. இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். கடலைக்குப் பதிலாகச் சமையலில் எதைச் சேர்ப்பது என்பது ஒன்று. பிள்ளையை விருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை எளிது, நம் அலமாரியிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடை அந்தத் தாயின் கையில் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

ஒரு சகோதரி சொன்னதைப் பெயர் சொல்லாமல் சொல்கிறோம். ஏழு வயதுப் பையன். கடலை ஆகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு விருந்தில் இட்லிக்குச் சட்னி வைத்தார்கள். "என்ன சட்னி?" என்று கேட்டதற்கு "தேங்காய்ச் சட்னிதான்" என்று பதில் வந்தது. தேங்காய் இருந்தது உண்மைதான். சட்னி காணட்டும் என்று வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து அரைத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் பையனுக்கு உதடு வீங்கியது, வாந்தி எடுத்தான், மூச்சு இழுத்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு அந்தப் பிள்ளை எந்த விருந்துக்கும் போனதில்லை. எல்லோரும் வலிமா வீட்டுக்குப் போகும்போது அவன் நன்னிமாவோடு வீட்டில் இருக்கிறான். அந்தத் தாயைப் பற்றிச் சொந்தத்தில் சிலர் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அவ ரொம்பத்தான் பார்க்கிறா." இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றைய பேச்சு.

கடலை என்ற ஒரே சொல்

நம் ஊர்ப் பேச்சில் "கடலை" என்றால் எத்தனை பொருள் என்று எண்ணிப் பாருங்கள். கடலை மிட்டாய் என்றால் வேர்க்கடலை. கடலை எண்ணெய் என்றாலும் வேர்க்கடலைதான். ஆனால் கடலை மாவு என்றால் கடலைப்பருப்பு. கடலைக் குழம்பு என்றால் கொண்டைக்கடலை. சட்னிக்குக் கடலை என்றால் ஒரு வீட்டில் பொட்டுக்கடலை, அடுத்த வீட்டில் வேர்க்கடலை. வட மாவட்டத்தாருக்கு இந்தக் குழப்பம் குறைவு. மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்று அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு எல்லாமே கடலை.

"பிள்ளைக்குக் கடலை ஆகாது" என்று சொன்னால் ஒருவர் பஜ்ஜியைத் தள்ளி வைத்துவிட்டுக் கடலை எண்ணெயில் பொரித்த அப்பளத்தைத் தருகிறார். ஆகவே முதல் வேண்டுகோள்: சொல்லும்போது "வேர்க்கடலை" அல்லது "நிலக்கடலை" என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள். கேட்பவரும் "வேர்க்கடலையா, பொட்டுக்கடலையா?" என்று திருப்பிக் கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றும்.

பித்தம் வேறு, ஒவ்வாமை வேறு

நிறையக் கடலை தின்றால் பித்தம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயிறு மந்தமாகும், தலை சுற்றும், கொஞ்சம் வெல்லம் கடித்தால் சரியாகும் என்பார்கள். அது அளவைப் பொறுத்த விஷயம். ஒவ்வாமை அப்படியல்ல. வேர்க்கடலையில் உள்ள புரதத்தை உடம்பு எதிரி என்று தவறாக எண்ணிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறது. அதனால்தான் கொஞ்சம் பட்டாலும் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு வருகிறது. சிலருக்கு இரண்டு மணி நேரம் வரை கழித்தும் வரும். வறுத்தால் இந்தப் புரதம் அழிவதில்லை, அவித்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. ஆகவே "நல்லா வறுத்ததுதான், ஒண்ணும் ஆகாது", "ஒரு வாய் தின்னா என்ன?" என்ற இரண்டு பேச்சும் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் வேண்டாம். விருந்தாளியை வற்புறுத்திச் சாப்பிட வைப்பது நம் அன்பின் அடையாளம். இங்கே மட்டும் அந்த அன்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம், பிள்ளைக்கு ஒரு நாள் அரிப்பு வந்தது என்பதற்காக நாமே ஒவ்வாமை என்று முடிவு கட்டவும் கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள். தோலிலோ இரத்தத்திலோ சோதனை செய்வார்கள். சோதனைத் தாளில் எண் கூடியிருப்பது மட்டும் ஒவ்வாமை ஆகாது. பிள்ளை சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வளர வளர அது நீங்கிவிடுகிறது. அதையும் மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பருப்பைக் கொடுத்துப் பார்க்கும் வேலை கூடவே கூடாது.

பதிலுக்கு எதைச் சேர்ப்பது?

இப்போது சமையலுக்கு வருவோம். வேர்க்கடலை நமக்கு நான்கு வேலை செய்கிறது. சட்னியையும் குழம்பையும் கெட்டியாக்குகிறது. சாதத்தில் கடிபடுகிறது. இனிப்பாகிறது. எண்ணெயாகிறது. ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு.

சட்னிக்குப் பொட்டுக்கடலை போதும். தேங்காயோடு பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், துளி புளி, உப்பு வைத்து அரைத்துத் தாளித்தால் இட்லிக்கு ஒரு குறையும் இராது. பொட்டுக்கடலை கொண்டைக்கடலை இனத்தில் உள்ளது. வேர்க்கடலையும் பயறு வகைதான், ஒரே குடும்பம்தான். ஆனாலும் வேர்க்கடலை ஆகாதவர்களில் பெரும்பாலோர் மற்ற பருப்புகளைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். உங்கள் பிள்ளை பஜ்ஜியும் பருப்பு வடையும் பொட்டுக்கடலைச் சட்னியும் தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வருகிறான் என்றால் அதை நிறுத்தத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டுக்கடலை வாங்கும் இடத்தில் ஒரு கவனம் வேண்டும். பொரிகடலைக் கடையில் பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அள்ளும் படி ஒன்றாகவே இருக்கலாம், வறுக்கும் சட்டியும் ஒன்றாகவே இருக்கலாம். ஒவ்வாமை உள்ள வீட்டார் பாக்கெட்டில் அடைத்ததைக் குறிப்புப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கடலைப்பருப்பை வீட்டிலேயே சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆற வைத்துச் சட்னிக்கு அரையுங்கள்.

குருமாவுக்குப் பத்துப் பேருக்கு என்றால் அரை மூடித் தேங்காய், இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு தேக்கரண்டி கசகசா, ஒரு தேக்கரண்டி சோம்பு அரைத்து விட்டால் நன்றாகக் கெட்டிப்படும். தேங்காய் வேண்டாம் என்றால் வெள்ளரி விதையை ஊற வைத்து அரைக்கலாம். இடையில் ஒரு குறிப்பு: வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு மசாலாப் பொடி கட்டி அனுப்புகிறவர்கள் கசகசாவைச் சேர்க்காதீர்கள், அங்கே அதற்குத் தடை இருக்கிறது.

"முந்திரியைச் சேர்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள். வேர்க்கடலை ஆகாதவர்களில் சிலருக்கு முந்திரி, பாதாம், பிஸ்தாவும் ஆகாது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே அதைத் தொடுங்கள்.

புளியோதரை, எலுமிச்சைச் சாதத்தில் கடிபடுவதற்குக் கடலைப்பருப்பைக் கால் மணி நேரம் ஊற வைத்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று சிவக்க விடுங்கள். ஊறாமல் தாளித்தால் பல்லை உடைக்கும், ஊறியது நன்றாகக் கடிபடும். சுண்டலுக்குக் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மொச்சை இருக்கவே இருக்கின்றன.

இனிப்புக்கு வருவோம். பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பார்த்து ஏங்கும் பிள்ளைக்கு அதே வெல்லப் பாகில் பொட்டுக்கடலை உருண்டையோ பொரி உருண்டையோ பிடித்துக் கொடுங்கள். பாகு பதம் ஒன்றுதான்: தண்ணீரில் விட்டால் உருண்டு, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதுதான். அது பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்து காய்ச்சிக் கிண்டுவது. பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நல்ல பலகாரம். கடையில் வெட்டித் தரும் கத்தியும் எடுத்துத் தரும் கையும் கடலை இனிப்பில் பட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரொட்டியில் தடவும் பீநட் பட்டர். இப்போது நம் ஊர்க் கடைகளிலும் வந்துவிட்டது. பள்ளிக்கூட டப்பாவில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கும் வீட்டில் மாற்று செய்யலாம். ஒரு கப் பொட்டுக்கடலையைச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி ஆற வைத்து, நைசாகப் பொடித்துச் சலியுங்கள். அதில் உருக்கிய நெய்யோ தேங்காய் எண்ணெயோ ஐந்து மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மறுபடி மிக்ஸியில் ஓட்டுங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி நெய். தண்ணீர் படக்கூடாது. ஈரமில்லாத பாட்டிலில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். சுவை கடலை போலவே இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டோம். மாலாடு போல இருக்கும். பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

ஏழை வீட்டுக்கு வேர்க்கடலை மலிவான சத்து. நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. அதை நிறுத்தினால் பிள்ளை மெலிந்து போகுமோ என்று கவலைப்பட வேண்டாம். பொட்டுக்கடலையில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. முட்டை, பயறு, பால் ஒத்துக்கொண்டால் அவையும் உண்டு. ஆனால் சத்துமாவு வாங்கும்போது கேளுங்கள். வீட்டில் திரிப்பதிலும் கடையில் விற்பதிலும் வேர்க்கடலை சேர்ப்பது வழக்கம்.

எண்ணெயும் எள்ளும்

எண்ணெயில்தான் நம் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். விருதுநகர்ப் பக்கம் எண்ணெய் வியாபாரத்துக்குப் பெயர் போன பூமி. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூர்ச் சேவு என்று நம் மாவட்டத்துப் பலகாரமே எண்ணெயில்தான் நிற்கிறது. ஒவ்வாமையைக் கொண்டுவருவது கொழுப்பு அல்ல, புரதம். ஆலையில் முழுமையாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் அந்தப் புரதம் அநேகமாக இராது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் இருக்கும். செக்கெண்ணெய் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் தேடிப் போகிறோம். கடலை ஆகாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து. செக்குக்காரர் காலையில் நிலக்கடலை ஆட்டிவிட்டு மதியம் அதே செக்கில் எள்ளோ தேங்காயோ ஆட்டினால் அதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இந்த வீடுகளில் எந்தக் கடலை எண்ணெயும் வேண்டாம். அடைத்து விற்கும் சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் போதும்.

நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் கடலைக்கு நல்ல மாற்றுதான். ஆனால் எள்ளும் சிலருக்கு ஒவ்வாது, வேர்க்கடலை ஆகாத சிலருக்கு இரண்டும் சேர்ந்தே ஆகாது. இதில் உலகமே அறிந்த ஒரு துயரம் இருக்கிறது. 2016-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நடாஷா எட்னன் லப்பரூஸ் என்ற 15 வயதுப் பெண் விமான நிலையத்தில் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு எள் ஆகாது. ரொட்டி மாவிலேயே எள் கலந்து சுட்டிருந்தார்கள், உறையில் அது எழுதப்படவில்லை. விமானத்தில் நோய் கண்டு அன்றே இறந்து போனார். பெற்றோர் அழுது ஓய்ந்துவிடவில்லை. சட்டத்தை மாற்றப் போராடினார்கள். கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் உணவிலும் சேர்ந்துள்ள எல்லாப் பொருளையும் எழுத வேண்டும் என்று 2021 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தை அந்தப் பெண்ணின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி பாக்கெட் உணவில் வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், சோயா போன்றவை இருந்தால் உறையில் தனியே குறிக்க வேண்டும். அந்த விதியின் பட்டியலில் எள் இல்லை, ஆகவே எள் ஆகாதவர்கள் பொருள் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். வேர்க்கடலையைப் பீநட் என்றும் போடுவார்கள், கிரவுண்ட்நட் என்றும் போடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். படிக்கத் தெரியாத தாய்மார்கள் பள்ளிக்கூடம் போகும் மகளைப் படிக்கச் சொல்லுங்கள். தட்டில் நிறுத்து விற்கும் மிக்சருக்கும் காராச்சேவுக்கும் உறை ஏது? அங்கே நாம் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். தெளிவான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

கையும் பாத்திரமும்

வேர்க்கடலை அரைத்த மிக்ஸி ஜாரைத் தண்ணீர் விட்டு அலசினால் போதாது. மூடியின் ரப்பரைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு ஜார், ஒரு கரண்டி, ஒரு வாணலி தனியாக வையுங்கள். கடலை தின்ற கையைத் துணியில் துடைத்தாலும், சானிடைசர் தடவினாலும் அந்தப் புரதம் போகாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஒரே தாலத்தில் நாலு பேர் உட்கார்ந்து உண்ணும் வழக்கம் நம் சகோதரத்துவத்தின் அழகு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வையுங்கள். அவனும் அதே வட்டத்தில்தான் உட்காரட்டும்.

ஆபத்து வந்தால்

தடிப்போடு வாந்தி, மூச்சு இழுப்பு, குரல் கம்மல், மயக்கம் இவற்றில் எது சேர்ந்தாலும் நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. போனதும் முதல் வார்த்தையாக "வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டுவிட்டான், மூச்சு இழுக்கிறது" என்று சொல்லுங்கள். இதற்கு உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை தடிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பது பெரிய ஆபத்து.

போகும் வழியில் பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். வாந்தி எடுக்க வைப்பது, மோர் ஊற்றுவது, எண்ணெய் கொடுப்பது எதுவும் வேண்டாம். ஊசி போட்டுச் சரியானதும் உடனே வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம். மருத்துவர் இருக்கச் சொல்லும் நேரம் வரை இருங்கள். ஒரு முறை இப்படி வந்த பிள்ளைக்கு ஊசி மருந்தைக் கையில் வைத்திருப்பது எப்படி, யார் போடுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்குத் தடை வேண்டாம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "இனிமேல் எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்குக் கடலையே கிடையாது" என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். அதுவும் தவறு. லண்டனில் கிடியன் லாக் என்ற பேராசிரியரின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம். இங்கிலாந்தில் குழந்தைகளுக்குக் கடலையைத் தள்ளிப் போட்டார்கள். அங்கே சிறு வயதிலேயே கடலைத் தின்பண்டம் கொடுத்தார்கள். பிறகு கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. ஐந்து வயதில் பார்த்தபோது, கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை. பதினோரு மாதம் முடிவதற்குள் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்ட குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான்.

ஆகவே நலமாக இருக்கும் குழந்தைக்குத் திட உணவு தொடங்கிய பிறகு, நைசாக அரைத்த வேர்க்கடலையைக் கூழில் கரைத்துக் கொஞ்சமாகப் பழக்கலாம். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கும், அண்ணனுக்கோ அக்காளுக்கோ ஒவ்வாமை உள்ள வீட்டுக் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள். முழுப் பருப்பை ஐந்து வயதுக்குள் யாருக்கும் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

நாங்கள் எடுத்த முடிவு

அறக்கட்டளைக் கூட்டத்தில் கலந்து பேசிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். இனி அறக்கட்டளை நடத்தும் இஃப்தாரிலும் விருந்திலும் வேர்க்கடலை சேராது. நோன்புக் கஞ்சியில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய் என்று ஏற்கனவே கடலை கிடையாது. கூட வரும் வடை, சமோசாவைப் பொரிக்கும் எண்ணெயும், தொட்டுக்கொள்ளும் சட்னியும்தான் கவனிக்க வேண்டியவை. சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்போம், பொட்டுக்கடலைச் சட்னி வைப்போம். கணக்குப் பார்த்ததில் செலவு சொல்லும்படியாகக் கூடவில்லை.

பண்டாரிகளிடமும் பேசியிருக்கிறோம். சமையல் தொடங்கும் முன் வேர்க்கடலை எதிலெல்லாம் சேர்கிறது என்பதை விருந்து வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். முந்திரிக்குப் பதிலாகவோ சட்னி காண்பதற்காகவோ கடலை சேர்த்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னோம். அவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வீட்டில் நிக்காஹ், வலிமா, அகீகா வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழைப்புச் சொல்லப் போகும்போதே, "உங்கள் வீட்டில் யாருக்காவது எதுவும் ஆகாதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடலை ஆகாத பிள்ளை இருந்தால், பந்திக்கு முன்பே தனிக் கரண்டியால் எடுத்து மூடி வைத்த சாப்பாடு அவனுக்குத் தயாராக இருக்கட்டும். பிள்ளைகளின் பெற்றோரே, நீங்களும் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். பள்ளிக்கூட ஆசிரியருக்கும், மதரஸா உஸ்தாதுக்கும் எழுதிக் கொடுங்கள்.

மாமியார்களுக்கும் நன்னிமாக்களுக்கும் தனியாக ஒன்று சொல்லிக்கொள்கிறோம். உங்கள் மருமகள் பிள்ளைக்காக ஒவ்வொரு தட்டையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால், அது உங்கள் சமையலில் குறை காண்பது ஆகாது. உங்கள் பேரப் பிள்ளையைக் காவல் காப்பது. நாலு பேர் முன்னால் நீங்களே முந்திக்கொண்டு, "எங்கள் பேரனுக்கு வேர்க்கடலை ஆகாது, பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மருமகள் பத்து முறை சொல்வதைவிட உங்கள் ஒரு சொல்லுக்கு அந்த அடுப்படியில் மதிப்பு அதிகம். பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம். அதை ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து தொடங்குவோம்.

வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தார், பிள்ளையின் வயதையும் எது ஆகாது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். அதை விருந்துச் சமையல் பொறுப்பாளர்கள் மட்டும் பார்ப்பார்கள். வரும் ரமலானில் முதல் இஃப்தாருக்கு அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் வர வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து நோன்பு திறக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.